பள்ளிக்கூடத்தைத் திருப்பிக் கொடுத்தவர்

கடையில் வாங்கிய பொருள் சரியில்லை என்றால் நாமெல்லாம் என்ன செய்வோம்? வீட்டில் இரண்டு நாள் புலம்பிவிட்டு அதையே வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுவோம். அந்த அக்கா திருப்பிக் கொடுத்துவிடுவார். திண்டுக்கல் கடைவீதியில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். சாயம் போன சேலையை, ஊற வைத்த வாளியோடு தூக்கிக்கொண்டு போய் ஜவுளிக்கடைக் கல்லா முன்னால் வைத்தவர் அவர். வாளித் தண்ணீர் ரத்தம் மாதிரி இருந்ததாம். “நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே, இது சேலையா?” என்று மட்டும் கேட்டாராம். கடைக்காரர் வேறு சேலை கொடுத்து, “வாளியையும் கையோட எடுத்துட்டுப் போயிருங்கம்மா” என்றாராம்.

சண்டைக்காரி என்று அவருக்குப் பெயர். ஆனால் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சொல்வதை ஒரே அளவான குரலில் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் பதில் சொல்லும்வரை இமைக்காமல் நிற்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் சரி என்று விடுவார்கள்.

எனக்கு அவரைத் தெரிய வந்தது இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த சமயத்தில். படிப்பை முடித்துவிட்டு, அப்பா மூடிவிட்ட உரக்கடையில் மூன்று கம்ப்யூட்டர்களைப் போட்டு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தேன். எவ்வளவு கழுவியும் யூரியா வாசனை போகவில்லை. வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிவாக்கில் மொபெட்டை நிறுத்திவிட்டு, எட்டு வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளையோடு உள்ளே வந்தார் அவர். மூக்கைச் சுளிக்கவில்லை. “நம்ம தோட்டத்துக்குள்ள வந்த மாதிரி இருக்கு” என்று மகளிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, இதுல பிள்ளைகளுக்குப் பாடம் விக்கிறாகளாமே. பாக்க முடியுமா?”

“டியூஷனாக்கா?”

“இல்ல. முழுப் பாடமும். வீட்டுலயே வச்சுச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி.”

பிள்ளை யூனிஃபார்ம் இல்லாமல் பூப்போட்ட பாவாடையில் நின்றது. “பாப்பாவுக்கு இன்னைக்கு ஸ்கூல் லீவா?” என்று கேட்டேன்.

“ஸ்கூலைத் திருப்பிக் கொடுத்தாச்சு” என்றார்.

அப்போது இணையத்தில் ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அந்தக் காத்திருப்பில்தான், வாரம் கொஞ்சமாக, அவர் கதையை நான் தெரிந்துகொண்டேன்.

கணவர் நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றிப் போகும் வேன் ஓட்டினார். ஆத்தூர் போகிற சாலையில் வீடு. ஒரே மகள். ஊரில் எல்லோரும் சேர்க்கிறார்களே என்று பெயர் பெற்ற ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே பிள்ளைகள் தமிழில் பேசினால் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிடுவார்கள். அன்றைக்கு அட்டை மாட்டியவர் கழற்றிவிட மறந்துபோனாரோ என்னவோ, இரண்டாம் வகுப்புப் பிள்ளை அதோடேயே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது. வழியெல்லாம் பார்த்து ஜனங்கள் சிரித்திருக்கிறார்கள். சாப்பிடச் சொன்னால் வாயே திறக்கவில்லை. அட்டையைக் கழற்றப் போன அம்மாவின் கையையும் தட்டிவிட்டது. கழற்றினால் டீச்சர் அடிப்பாராம்.

மறுநாள் காலை அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமையாசிரியை மேசையில் அட்டையை வைத்தார். அதன்மேல் இரண்டு செட் யூனிஃபார்மை மடித்து வைத்தார். டை, பெல்ட், ஷூ, புத்தகங்கள், டைரி, எல்லாவற்றையும் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

“எல்லாம் இருக்கான்னு பாத்துக்கங்க. பிள்ளைய மட்டும் நான் எடுத்துக்கிறேன்.”

“டி.சி. இல்லாம வேற எங்கயும் சேர்க்க மாட்டாங்க, தெரியுமில்ல?” என்று தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார்.

“சேர்த்தாத்தானே” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. “வெளிய வந்து மொபெட்ட ஸ்டார்ட் பண்றப்பத்தான் யோசிக்கிறேன். வீராப்பாப் பேசிட்டோம், இனி நாளைக்குக் காலைல எந்திரிச்சு இவளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறதுன்னு தெரியல” என்றார்.

பிளஸ் டூ வரை படித்தவர் அவர். எங்கோ ஒரு பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, வேறு மாநிலத்துக் கம்பெனி ஒன்றுக்கு எழுதிப் போட்டு, ஒரு வருஷப் பாடத்தை, போஸ்ட்மேனிடம் பணம் கட்டி வாங்கும் வி.பி.பி.யில் வரவழைத்தார். பிள்ளையே உள்ளே உட்கார்ந்துகொள்ளலாம் போலப் பெரிய பெட்டி. எந்த நாள் எந்தப் பக்கம் என்று அவர்களே அச்சடித்து வைத்திருந்தார்கள். பனிக்கட்டி உருகுவதை ஜன்னல் வழியாகப் பார் என்றிருந்தது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சொன்ன நாளில் சொன்ன பக்கத்தை முடிக்க அக்கா விரட்டினார். ஒருநாள், பள்ளிக்கூடத்தில் அழுத மாதிரியே பிள்ளை வீட்டிலும் அழுதது.

“அன்னைக்குத்தான் உறைச்சுச்சு. ஸ்கூல திருப்பிக் கொடுத்துட்டு, அதே ஸ்கூல பெட்டியில வாங்கிட்டு வந்திருக்கேன்.”

பெட்டியைத் திருப்பி அனுப்பினார். கம்பெனி வாங்க மறுத்தது. மறுபடி அனுப்பினார். போஸ்ட்மேன் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் விட்டார். கடைசிவரை அந்தப் பெட்டி அவர்கள் வீட்டில் கோழிக் குஞ்சுகளை மூடி வைக்க உதவியது.

அதற்குப் பின்தான் என் கடைக்கு வந்தார். பெங்களூர், புனே, சென்னை என்று பல ஊர்களில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர்கள் சேர்ந்த ஒரு மின்னஞ்சல் குழுவை நாங்கள் கண்டுபிடித்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் அடிப்பேன். பதில்களைத் தமிழில் படித்துச் சொல்வேன். தன்னைப் போல இன்னும் பத்துப் பைத்தியங்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருஷங்களில் பாடம் விற்கிறவர்களுக்குக் குறைவில்லை. ஒருநாள் டை கட்டிய ஒரு தம்பி சி.டி. விற்க என் கடைக்கே வந்தார். கரடி ஒன்று ஆடிப் பாடிக் கூட்டல் சொல்லிக் கொடுத்தது. பிள்ளை வாயைப் பிளந்து பார்த்தது. வாங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“மூணாவது பாடத்தப் போடுங்க தம்பி” என்றார் அக்கா.

“டெமோ இதுதான் மேடம். வாங்கினா மத்ததெல்லாம் பாக்கலாம்.”

“கத்தரிக்கா வாங்கினாக்கூட அடியில இருக்கிறத எடுத்துத்தான் பாப்பேன். போடுங்க.”

வேறு வழியில்லாமல் போட்டார். அதே கரடி, அதே பாட்டு. கூட்டலுக்குப் பதில் கழித்தல் கணக்கு, கீழே கூட்டல் விடை. அக்கா என்னைப் பார்த்தார். அந்தத் தம்பி சி.டி.யை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார். “உங்க மேல தப்பில்ல அப்பு. நீங்க செத்த நேரம் உக்காந்து பாத்திருக்க மாட்டீங்க” என்று அவருக்கும் டீ சொன்னார்.

பிறகு இணையத்தில் தனித்தனிப் பாடமாக விற்க ஆரம்பித்தார்கள். முழு வருஷமும் வாங்க வேண்டாம், பின்னம் மட்டும் வேண்டுமா, அதை மட்டும் வாங்கி இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். அக்காவுக்காகவே செய்த ஏற்பாடு மாதிரி இருந்தது. எங்கள் தெருவில் யாரிடமும் கிரெடிட் கார்டு இல்லை. பெங்களூரில் வேலை பார்த்த என் அண்ணன் தன் கார்டில் வாங்கி எங்களுக்கு அனுப்பிவைப்பான். மாதிரிப் பக்கம் காட்டாத கடையில் அவர் வாங்கவே மாட்டார். காட்டினாலும், “முதப் பக்கத்தையே காட்டுறான். முதப் பக்கம் யாருக்குத்தான் நல்லா இருக்காது? நடுவுல காட்டச் சொல்லி எழுது” என்பார். நானும் எழுதுவேன். ஆச்சரியம், சிலர் காட்டவும் செய்தார்கள்.

அவர் வாங்கும் பொட்டலம் வருஷத்துக்கு வருஷம் சின்னதாகிக்கொண்டே வந்தது. முதலில் பெட்டி. அப்புறம் நாலைந்து புத்தகம். அப்புறம் எட்டுப் பக்கம். அதிலும் மூன்று பக்கத்தை மட்டும் அச்செடுக்கச் சொல்வார். மீதிக்குப் பழைய புத்தகக் கடையில் அரசாங்கப் பாடப்புத்தகம் இருந்தது. பின்னத்துக்கு நிலக்கோட்டைப் பூ மார்க்கெட் இருந்தது. விடியற்காலை அப்பாவோடு வேனில் போய், முக்கால் கிலோ மல்லி, கால் கிலோ பிச்சி என்று பிள்ளை எடை பார்த்துக்கொண்டு நிற்கும். குழுவில் இருந்த பலர் அப்போதும் வெளிநாட்டு முழுப் பெட்டிகளைத்தான் வாங்கினார்கள். அக்கா இதை எழுதிப் போட்ட பிறகு, “உங்கள் பின்னப் பாடத்தைப் பகிர முடியுமா?” என்று கேட்டு வந்தவர்கள் நிறையப் பேர். “மார்க்கெட்ட எப்படிம்மா அனுப்புறது?” என்று என்னிடம் கேட்டார்.

இதையெல்லாம் ஊர் வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கணவரின் அண்ணன் ஒருநாள் வீட்டுக்கு வந்து கத்தினார். “பொட்டப்பிள்ளைய வீட்டுக்குள்ள பூட்டி வச்சு என்னத்தப் பண்ணப் போறீக? நாளைக்கு இவளுக்கு என்ன சர்டிபிகேட்டு இருக்கும்? ஏலே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா, கேக்க மாட்டியா?” என்று தம்பியைக் கேட்டார். வேன் கழுவிக்கொண்டிருந்த தம்பி, “கேட்டேண்ணே. அவ சொன்னது எனக்குச் சரியாப் பட்டுச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போய்விட்டார். அண்ணன் அதற்கப்புறம் இரண்டு பொங்கலுக்கு வரவில்லை.

இன்னொரு நாள் நடந்ததை நானே பார்த்தேன். அவர்கள் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள், அதைப் பொருத்திக் கொடுக்கப் போயிருந்தேன். பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஒரு ஆசிரியர் வந்தார். நல்ல மனிதர், வெயிலில் நடந்து களைத்திருந்தார். அக்கா மோர் கொடுத்தார். மகளைப் பார்த்துவிட்டு, “பள்ளி செல்லாக் குழந்தை ஒண்ணு” என்று அவர் எழுதப் போனார்.

“அப்படி எழுதாதீங்க சார். படிக்கிற பிள்ளைன்னு எழுதுங்க.”

“அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா.”

“கட்டம் போட்டுக்கங்க.”

“நானாப் போட முடியாதும்மா. மேல இருந்து வந்தது.”

“அப்ப மேல சொல்லுங்க, ஆத்தூர் ரோட்டுல ஒரு கட்டம் கொறையுதுன்னு.”

அவர் பிள்ளையிடம் ஏதோ கணக்குக் கேட்டார், அது சொன்னது. வாசிக்கச் சொன்னார், வாசித்தது. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். கடைசியில் ஓரத்தில் கையால் எதையோ எழுதிக்கொண்டு, மோர் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போனார். என்ன எழுதினார் என்று தெரியாது. ஆனால் யாரும் திரும்ப வரவில்லை.

எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் தனித்தேர்வராக எழுதி அந்தப் பிள்ளை தேறியது. மாநிலத்தில் முதல், மாவட்டத்தில் முதல் என்றெல்லாம் இல்லை. நல்ல மார்க், அவ்வளவுதான். பெரியப்பா ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா வாங்கித் தட்டில் வைத்தார். எனக்கோ ஊரையே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அதற்குள் விற்கிறவர்களின் வழியும் மாறிவிட்டது. பக்கம் பக்கமாக விற்பதை நிறுத்தி, மாதக் கட்டணம் கட்டினால் பாஸ்வேர்டு தருவோம் என்றார்கள். உள்ளே போய்ப் படித்துக்கொள்ளலாம். கட்டணத்தை நிறுத்தினால் உள்ளே போக முடியாது. “அப்ப கையில ஒண்ணும் மிஞ்சாதா? பாடத்த வாடகைக்கு விடுறாங்களா?” என்று அக்கா பல்லைக் கடித்தார். ஆனாலும் பதினொன்றாம் வகுப்பு அறிவியலுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு மாலை, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்படி ஒன்றின் மாதிரிப் பாடங்களை என் கடையில் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பள்ளிக்கூடம் விட்டு, ரிப்பன் கட்டிய பெண்கள் கூட்டமாக எதற்கோ சிரித்துக்கொண்டு போனார்கள். மகள் திரையைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல வருஷமாக நான் கவனித்துவந்த பார்வை அது. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.

“இது வேணாம்மா. நான் ஸ்கூலுக்குப் போறேன்.”

அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்தார். “ஏன்? பாடம் சரியில்லையா?”

“பாடம் நல்லாத்தான் இருக்கு. எனக்குப் பக்கத்துல உக்கார ஆள் வேணும்.”

“நான் பக்கத்துல இல்லையா?”

“நீ பக்கத்துலயாம்மா இருக்க? எதுத்தாப்புல இருக்க.”

அந்தப் பிள்ளையும் குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு, இமைக்காமல் அம்மாவைப் பார்த்தது. அக்கா எழுந்து மொபெட்டை எடுத்தார். மகள் பின்னால் ஏறிக்கொண்டாள். இருவரும் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

பத்து நாள்போல அவர் வரவில்லை. வந்தபோது முகம் கறுத்திருந்தது. “நீ படிச்ச ஸ்கூல் எப்படி?” என்று கேட்டார். நான் படித்தது ஊருக்குள் இருந்த பெண்கள் பள்ளி, தமிழ் மீடியம். “பரவாயில்லக்கா” என்றேன். “பரவாயில்லைன்னா? வா, காட்டு” என்றார்.

மூவரும் போனோம். தலைமையாசிரியை மார்க்கைப் பார்த்துவிட்டு, “சேர்த்துக்கலாம். பீஸ் கட்டிருங்க” என்றார்.

“முதல்ல ஒரு நாள் வகுப்புல உக்காந்து பாக்கட்டும் டீச்சர். பிடிச்சிருந்தா சேருவா.”

“அதெல்லாம் இங்க வழக்கமில்ல. இது கடையில்லம்மா.”

“கடையில பிடிக்காததத் திருப்பிக் கொடுத்தா வேற வாங்கிக்கலாம். இங்க இவ வயசுல ரெண்டு வருஷம் போகும். அத நீங்க திருப்பிக் கொடுப்பீகளா?”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, “யாரும்மா இவங்க?” என்பது போலப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் மணி அடித்துப் பியூனைக் கூப்பிட்டு, பிள்ளையைப் பதினொன்று ஏ வகுப்புக்குக் கூட்டிப் போகச் சொன்னார்.

வேப்பமரத்தடியில் நாங்கள் இருவரும் மதியம்வரை உட்கார்ந்திருந்தோம். “பிடிக்கலைன்னு வந்துரணும்னு வேண்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்” என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். சாப்பாட்டு மணி அடித்தது. மகள் வரவில்லை. செத்த நேரம் கழித்து, மூன்று பெண்களோடு ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே வராந்தாவில் நின்று கையசைத்தாள். அக்கா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பீஸ் கட்டப் போனார்.

இந்தச் செய்தியைக் குழுவில் போட வேண்டும் என்று அவர்தான் சொன்னார். போட்டோம். நாலைந்து பேர் வாழ்த்தினார்கள். ஆனால் அந்தக் குழுவில் பெரிய ஆள் ஒருவர் இருந்தார், புனேக்காரர். வருஷக்கணக்காக அக்காவைப் பாராட்டி எழுதியவர். அவர் நீளமாக ஒரு பதில் போட்டார். இத்தனை வருஷம் போராடிவிட்டு ஒரே நாளில் சரணடைந்துவிட்டீர்கள், உங்களைப் பார்த்துத் துணிந்த சிறு ஊர்ப் பெற்றோர்களுக்கு இனி என்ன பதில் சொல்வது, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று எழுதியிருந்தார்.

நான் அதை மெதுவாக, கடுமையைக் கொஞ்சம் குறைத்து, தமிழில் சொன்னேன். “முழுசாச் சொல்லு” என்றார். முழுசாகச் சொன்னேன். உடைந்துபோவார் என்று பயந்தேன். ஊரில் ஒருவரும் இல்லாதபோது அவர் பக்கம் நின்றவர்கள் அவர்கள் மட்டும்தான்.

அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எழுது. பிள்ளைய ஸ்கூல்ல இருந்து நிப்பாட்டுறப்ப எங்க ஊர்ல ஒருத்தர்கிட்டயும் நான் கேக்கல. சேர்க்கிறப்ப உங்ககிட்டயும் கேக்கல. ரெண்டு தடவையும் எம்பிள்ள மூஞ்சியப் பாத்துத்தான் முடிவு பண்ணுனேன். யாராச்சும் பதில் கேட்டா இதச் சொல்லுங்க.”

அடித்து முடித்துப் படித்துக் காட்டினேன்.

“படிக்கிறவுகளுக்கு நான் கோவமா இருக்கேன்னு தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும்க்கா. வேணா கொஞ்சம் மாத்தவா?”

“எதுக்கு? தெரியட்டும். அனுப்பு.”